எட்டி நில்

பர்மியில் பூனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் காதுக்கு ஒரே சொல்தான்: சௌங். பர்மியரிடம் இப்படிச் சொன்னால் சிரிப்பார். பள்ளிக்கூடம் என்றால் குரலை மேலே ஏற்றி இழுக்க வேண்டும், பூனை என்றால் தாழ்வாக விட்டுவிட வேண்டும். ரங்கூன் தமிழ் வீடுகளில் இரண்டையும் தோசைக்கல் மாதிரி தட்டையாகச் சொல்லித்தான் வளர்ந்தோம். சின்ன வயதில் நான் பையை மாட்டிக்கொண்டு "சௌங் போறேன்" என்று இறங்கினால், பசுந்தாங் பேட்டையில் எங்கள் மாடிக்குக் கீழே டீக்கடை வைத்திருந்தவர் "மியாவ்" என்று வழியனுப்புவார்.

அந்தக் கேலிக்கும் ஆயுள் குறைவு. எண்பத்தெட்டில் மாணவர் கிளர்ச்சி என்று பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மறுபடி திறந்தபோது மற்றப் பிள்ளைகள் போனார்கள், நான் போகவில்லை. எல்லாரும் என்னைவிட முன்னால் போயிருப்பார்களே, வாத்தியார் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று பயந்து பயந்தே காலம் ஓடியது. பிறகு போகிற வயது தாண்டிவிட்டது. ஐந்தாவதோடு சரி. கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை மட்டும் விடவில்லை. அங்கே தனியாக எழுப்பிக் கேட்க மாட்டார்கள், சேர்ந்து சொல்லச் சொல்வார்கள்.

நான் கவலைப்படுகிறவள். கவலைப்பட ஒன்றும் இல்லாத நாளில், ஏன் இன்றைக்கு ஒன்றும் இல்லை என்று கவலைப்படுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் வீட்டுக்காரர் அப்போது தெருமுனையில் குடையும் டார்ச் லைட்டும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தேவாரம் பாடுவார். நல்ல குரல். புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்வார், பக்கம் திருப்ப மறந்துவிடுவார். நான் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஐந்தாவதோடு நின்றவளுக்குப் படித்த மாப்பிள்ளை கிடைத்ததாக அம்மாவும் ஊரெல்லாம் சொன்னாள்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு மழைக்காலத்தில், பச்சைப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் அவரிடம் வந்தார். காட்டில் மரத்தில் கட்டிவைக்கிற கேமரா. எதிரே சூடான உடம்பு ஏதாவது நகர்ந்தால் தானே படம் எடுத்துக்கொள்ளுமாம். உள்ளே மழைத் தண்ணீர் போய் எல்லாம் பூஞ்சணம் பூத்திருந்தது. இவர் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மூடியைச் சுற்றி ஒட்டிக் கொடுத்தார். வந்தவர் பெட்டியை வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். அடுத்த வாரமே இவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நகருக்கு வெளியே இன்சீனில் ஒரு வாடகை வீட்டில் ஆபீஸ் வைத்து, வடக்கே காடுகளில் புலி எத்தனை, மற்றது எத்தனை என்று கணக்கெடுக்கிறவர்கள். பருவம் முழுக்க இவருக்குக் காடு, எனக்கு மூன்றாம் மாடி.

எங்கள் மாடியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். மேலே முனையில் மணி. கீழே வந்து இழுத்தால் சாவியைக் கட்டி இறக்குவோம். பசுந்தாங்கில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவர் காட்டுக்குப் போன பிறகு காற்றில் மணி ஆடினாலும் நான் பால்கனிக்கு ஓடினேன். இப்படியே போனால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, ஆபீசில் படம் பிரிக்க ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டதும் ரயிலேறி இன்சீனுக்குப் போனேன்.

ஆபீசுக்குப் பெரியவரை எல்லாரும் சயா என்பார்கள். வாத்தியாருக்கும் அதே சொல்தான். அதைக் கேட்டதுமே வகுப்பில் நிற்கிறவள் மாதிரி எழுந்து நின்றுவிட்டேன்.

"சௌங் பத்தித் தெரியுமா?" என்று கேட்டார்.

நான் பயந்த கேள்வி. எத்தனையோ வருஷம் கழித்துத் துரத்திக்கொண்டு வந்து பிடித்துவிட்டது.

"அஞ்சு வரைக்கும்தான் சயா."

"அஞ்சா!" நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்கு மேல வீட்டுல ஒத்துக்கல." பழியை வீட்டின் மேல் போட்டேன்.

"ஒத்துக்க மாட்டாங்க. அஞ்சே அதிகம். என் வீட்டுல ஒண்ணுக்கே சண்டை." தலையை ஆட்டினார். "பொறுமை உள்ளவங்கதான் எனக்கு வேணும். நாளைக்கே வந்துடுங்க."

ரயில் பாதி வழி வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இறங்கித் திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். சொல்லவில்லை. அதன்பின் அந்த ஆபீசில் நான் "அஞ்சு பூனை அமா". அமா என்றால் பர்மியில் அக்கா. டீ கொண்டுவருகிற அம்மாள்கூட, "பூனைங்க சுகமா?" என்று விசாரிப்பாள். சுகம் என்பேன்.

வேலை இதுதான். காட்டிலிருந்து ஃபிலிம் ரோல்கள் வரும். நகருக்குள் லான்மடாவில் ஒரு சீனத்தியின் கடையில் கொடுத்துக் கழுவி, பிரிண்டுகளை வாங்கிவந்து, மிருகம் மிருகமாகத் தட்டுகளில் பிரிக்க வேண்டும். புலி, சிறுத்தை, உடம்பில் மேகம் மேகமாகத் திட்டு உள்ள மேகச் சிறுத்தை, செம்பு நிறத்தில் நீள வால் பூனை, குட்டியாகப் புள்ளிப் பூனை. பிறகு மான், பன்றி, கரடி. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதியும் மணியும் ஆரஞ்சு நிறத்தில் விழுந்திருக்கும். கடைசித் தட்டில் "லூ" என்று எழுதியிருந்தது. லூ என்றால் மனிதர். காட்டில் திரிகிறவர்கள், திருட்டு வேட்டைக்காரர்கள் சிலசமயம் விழுவார்கள். மற்றபடி லூ தட்டில் இருப்பது எங்கள் ஆட்கள்தான். கேமராவைக் கட்டி முடித்ததும் முதல் படத்துக்கு ஒருவர் சிலேட்டில் கேமரா நம்பரும் தேதியும் எழுதி எதிரே பிடிக்க வேண்டும். பிறகு கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒருவர் புலி மாதிரி நாலு காலில் அதன் முன்னால் நடக்க வேண்டும்.

லூ தட்டை அந்த ஆபீசில் யாரும் பார்ப்பதில்லை, நான் பார்த்தேன்.

"இந்த ரோல்ல மிருகம் கம்மி," என்று பிரிண்டை நீட்டும்போதே சீனத்தி சொல்லிவிட்டாள். "ஒங்க வீட்டுக்காரர்தான் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நாலு கால்ல வர்றார். நல்ல புலி. கொஞ்சம் இளைச்ச புலி."

"குடுங்க இங்க."

"பக்கத்துல ஒரு பொண்ணு சிரிக்குது பாருங்க. அதுவும் நல்லா விழுந்திருக்கு."

கடை வாசலிலேயே நின்று பார்த்தேன். இவர் சிலேட்டைப் பிடித்திருக்கிறார். பக்கத்தில், தோளோடு தோள் என்று சொல்கிற தூரத்தில், தனகா மரச்சாந்து பூசிய முகத்தோடு ஒரு பெண். அவள் விரலும் சிலேட்டின் விளிம்பில் இருக்கிறது. அடுத்த படத்தில் இவர் நாலு காலில். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அடுத்த கேமராவிலும் அவள். அதற்கடுத்ததிலும். ஒரு சிலேட்டைப் பிடிக்க எதற்கு இரண்டு பேர்? பள்ளிக்கூடத்தில் முழு வகுப்புக்குமே ஒரு கரும்பலகைதானே?

அவள் யார் என்று எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் முடித்துவிட்டு அந்தப் பருவம்தான் சேர்ந்திருந்தாள். காட்டுக்குக் கிளம்பும் முன் ஆபீசில் என்னைப் பார்த்து, "அமா, கவலைப்படாதீங்க, கோகோவை நாங்க பத்திரமாப் பாத்துக்கறோம்," என்று சொல்லிவிட்டுப் போனவள். இதில் எனக்கு இரண்டு உறுத்தல். அமா என்று அவள் சொன்னது என் தமிழ்க் காதில் அம்மா என்று விழுந்தது. அவளைவிட நான் ஏதோ நாலைந்து வயது மூத்தவள், அவ்வளவுதான். அடுத்தது, கோகோ. அண்ணன் என்றும் அர்த்தம். காதலனையும் கட்டினவனையும் பெண்கள் கூப்பிடுவதும் அதே கோகோதான். இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஊரில் பெண்டாட்டிகள் எப்படித்தான் தூங்குகிறார்களோ.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். என் புருஷன் எனக்கு இருக்கிறாரா, இல்லையா. அதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி லூ தட்டு.

சயா நல்லவர், எதையும் விளக்கிச் சொல்வார். சுவரில் காட்டின் படத்தை மாட்டி, புலி விழுந்த கேமராவுக்கெல்லாம் சிவப்புக் குண்டூசி, சிறுத்தைக்கு மஞ்சள், செம்பு நிறப் பூனைக்குப் பச்சை என்று குத்தச் சொல்வார். ஒரு நாள் நான் சிவப்பும் மஞ்சளும் ஒரே கேமராவில் குத்திக்கொண்டிருந்தபோது கேட்டேன். "ரெண்டும் ஒரே பாதையிலதான் வருது. ஆனா ஒரு படத்துலகூட சேந்து வரலையே சயா?"

"வராது அமா. புலி இருக்கற காட்டுல சிறுத்தை பாத்துத்தான் காலை வைக்கும். புலி போன தடத்துல மோந்து பாக்கும், நேரத்தை மாத்திக்கும். சின்னப் பூனைங்க அதுக்கும் மேல. ஒண்ணு ராத்திரி வந்தா இன்னொண்ணு பகல்ல வரும். ஒரே சாப்பாடு, ஒரே பாதை, அடிச்சுக்கிட்டா ரெண்டுக்கும் நஷ்டம்."

"அப்போ ஒண்ணுக்கு இன்னொண்ணைத் தெரியாதுன்னு இல்ல."

"சேந்து விழலேன்னா தெரியாதுன்னு அர்த்தமில்ல. ரொம்ப நல்லாத் தெரியும்னு அர்த்தம்."

அவர் புலியைப் பற்றித்தான் சொன்னார். பிரிண்டு கட்டை எடுத்துக்கொண்டு நான் என் மேஜைக்குப் போய்விட்டேன்.

அடுத்த நடைக்குக் கேமராக்களைத் தயார் செய்வதும் என் கையில்தான் இருந்தது. பேட்டரி மாற்றி, ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம் வைத்து, டியூப் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பார்த்து, மூடியைத் திருகி அனுப்ப வேண்டும். காட்டில் மூடியைத் திறந்து ஃபிலிம் போடுவது என் வீட்டுக்காரர் வேலை. ஆக, நான் மூடுவதை அவர் திறப்பார். எங்களுக்குள் அந்த நாட்களில் இருந்த ஒரே போக்குவரத்து அதுதான்.

கறுப்பு மார்க்கரை எடுத்து, ஒரு மூடியின் உட்புறத்தில் தமிழில் எழுதினேன்: எட்டி நில்.

பர்மியில் எழுதினால் ஆபீசே படித்துவிடும். தமிழ் படிக்கத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். ஒன்றில் எழுதிய பிறகு, அந்தப் பெட்டியை வேறு யாராவது திறந்துவிட்டால் என்ன செய்வது என்று கவலை வந்தது. எல்லாப் பெட்டியிலும் எழுதினேன். எழுத எழுத எழுத்தும் பெரிதாகிக்கொண்டே போனது.

அவற்றை அனுப்பிய பிறகு வந்த வாரங்களை எப்படிச் சொல்வது. கோபப்பட்டுத் திரும்பி வராமலே இருந்துவிட்டால்? எல்லாரிடமும் காட்டிச் சிரித்தால்? மனாலோ என்று பர்மியில் ஒரு சொல் உண்டு. பிறத்தியாரைப் பார்த்து வயிறு எரிவதற்கு அதுதான் பெயர். எனக்கு அது மனசாலேயோ என்று கேட்கும். வயிற்றாலும்தான்.

ரோல்கள் வந்தன. லான்மடாவுக்கு ஓடினேன்.

"இந்தத் தடவை ஒங்க புலி தனியா வருது," என்றாள் சீனத்தி.

தனியாகத்தான். சிலேட்டை அவரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் யாருமில்லை. ஒரு கேமராவில் அல்ல, எல்லாவற்றிலும். முதலில் அப்படியே குளிர்ந்துபோனேன். எழுதியது வேலை செய்துவிட்டது. கோயிலில் தேங்காய் உடைக்கலாம் என்றுகூட நினைத்தேன். ரயில் இரண்டு ஸ்டேஷன் தாண்டவில்லை, சயா சொன்னது நினைவுக்கு வந்தது. சேர்ந்து விழவில்லை என்றால் ரொம்ப நல்லாத் தெரியும் என்று அர்த்தம். குற்றமில்லாதவன் என்ன செய்வான்? வந்த இடத்தில் சிரிப்பான், "என்ன எழுதின, பைத்தியமா ஒனக்கு?" என்று ஆபீஸ் வண்டியில் சொல்லி அனுப்புவான். பேசாமல் உடனே எட்டி நிற்கிறான் என்றால், எட்டி நிற்க வேண்டிய விஷயம் ஒன்று இருந்திருக்கிறது.

அதோடு இன்னொன்று. இவர் இல்லாத படங்களில் அவள் இருந்தாள். தனியாக, கேமராவுக்கு நேர் எதிரே, கண்ணை மூடி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு. ஒரு கேமரா முன் குனிந்து, இன்னொன்றின் முன் மண்டியிட்டு. எதற்காகக் கும்பிடுகிறாள்? யார் காதில் போட? பர்மியப் பெண்கள் பகோடாவில் ஒன்று வேண்டிக்கொண்டால் விட மாட்டார்கள், கிடைக்கிறவரை வேண்டுவார்கள். காட்டுக்கு நடுவே நின்று என் புருஷனை வேண்டிக்கொள்கிறாளோ என்று அந்தப் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தேதியையும் மணியையும் வைத்து, அவர் படத்துக்கும் அவள் படத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். புலி போன பிறகு சிறுத்தை விடுகிற இடைவெளியைவிட ரொம்பக் குறைவு.

மழை தொடங்கியதும் எல்லாரும் திரும்பினார்கள். மணி இரண்டு தரம் அடித்தது. சாவியைக் கட்டி இறக்கினேன். அட்டைக் கடியும் தாடியுமாக ஏறி வந்தவர், சோற்றைப் போட்டதும் நிமிராமல் சாப்பிட்டார். மூடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பெட்டியெல்லாம் சரியா மூடிச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"நல்லா மூடிச்சு. ஒன் கை பட்டதில்ல?" என்றார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று நாள் யோசித்தேன்.

அந்த வாரம் ஆபீசில் எல்லாருக்கும் மொஹிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் வாங்கியிருந்தார்கள். நான் என் மேஜையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் நேராக என்னிடம் வந்தாள். காட்டில் கறுத்திருந்தாள். கறுத்ததும் அழகாகத்தான் இருந்தது, அது வேறு எனக்கு எரிச்சல். கையில் புதிதாக வாங்கிய துணித் தொப்பி ஒன்று, ஒரு மார்க்கர்.

"அமா, ஒரு ஒதவி. அந்த மந்திரத்தை இதுலயும் எழுதிக் குடுங்க."

"எந்த மந்திரம்?"

"மூடிக்குள்ள எழுதி அனுப்பினீங்களே! ஒங்க கோயில் மந்திரம். புலி கிட்ட வராம இருக்கறதுக்கு." அவள் கண்ணில் கேலி இல்லை. "மொத மூடியைத் தொறந்ததும் கோகோ அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். எம் பொண்டாட்டி எழுதினது, எங்க சாமி எழுத்துன்னார். அப்பறம் நாங்க எல்லாருமே கும்பிட்டுட்டுத்தான் எடத்தை விட்டு நகர்வோம். சமையக்காரர் மொதக்கொண்டு. இந்தப் பருவம் ஒருத்தரையும் ஒண்ணும் தொடல அமா!"

மற்றவர்கள் கும்பிட்டதும் அந்தத் தட்டில் விழுந்திருந்தது; நான்தான் இவளை மட்டும் பார்த்திருக்கிறேன். நான் இவளைத் துரத்த எழுதியதை இவள் மண்டியிட்டுக் கும்பிட்டிருக்கிறாள்.

"அவர் அதைப் படிக்கலியா?" என்றேன்.

"யாரு, கோகோவா?" சிரித்தாள். "அவருக்குத்தான் எழுத்தே தெரியாதே. தமிழும் தெரியாது, பர்மியும் தெரியாது. மொத நடையில சிலேட்டுல நம்பரைத் தலைகீழா எழுதிட்டார், சயா பாத்தா வேலை போயிடும்னு பயந்து என்கிட்ட சொன்னார். அதான் பக்கத்துலயே நின்னு எழுதிக் குடுத்தேன். சாயங்காலத்துல க ஜீ, க க்வேன்னு பர்மி அரிச்சுவடி, அதே சிலேட்டுல பாடம். இப்போ அவரே எழுதிடறார். நான் நிக்கவே வேண்டாம்..." என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "அமா? ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்," என்றேன்.

தொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அதுவரை நான் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. தோளோடு தோள் நின்றதை மன்னித்துவிடலாம். நாலு காலில் நடந்து அவளைச் சிரிக்க வைத்ததையும் மன்னித்துவிடலாம். ஆனால் என்னிடம் இத்தனை வருஷம் சொல்லாததை, பார்த்து ஒரு மாதம் ஆகாத பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். கோயிலில் பக்கம் திருப்பாமல் நின்ற புத்தகம், பஸ் நம்பரைத் தெரிந்துகொள்ளக் கண்டக்டரிடம் அவர் கொடுக்கும் பேச்சு, "கண்ணு வலிக்குது, நீயே படி" என்று என்னிடம் நீட்டுகிற கல்யாணப் பத்திரிகைகள், எல்லாம் வரிசையாக வந்து என் முன் நின்றன. அவர் உள்ளே ஒரு கதவு இருந்திருக்கிறது. அதன் சாவியை வேறொருத்திக்கு இறக்கிவிட்டார்.

"எழுதுங்க அமா," என்றாள் அவள், மெதுவாக.

எழுதினேன். அதே இரண்டு சொல்லைத்தான். இந்தத் தடவை அவள் தலைமேலேயே. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளை வெறுக்க நான் பட்ட பாட்டுக்கு அந்தப் பெண் ஒரு தடவைகூட ஒத்துழைக்கவில்லை.

சாயங்காலம் அவரும் நானும் ஒன்றாக இன்சீனில் ரயில் ஏறினோம். மழை ஜன்னல் வழியே உள்ளே அடித்தது. எதிரே ஒருத்தி கூடை நிறையக் கீரையோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அவகிட்ட சொன்னீங்க," என்றேன். "என்கிட்ட ஏன் சொல்லல?"

எதை என்று அவர் கேட்கவில்லை.

"அவகிட்ட சொல்லாட்டி வேலை போயிருக்கும்."

"என்கிட்ட சொன்னா?"

"நீ போயிருப்பே. புத்தகத்தைப் பாத்துத்தானே என்னைக் கட்டிக்கிட்டே."

இந்த மனிதரும் என்னை மாதிரியே கவலைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார், சத்தம் போடாமல். நான்தான் எல்லாக் கவலையும் எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

"சரி, மூடியில என்னதான் எழுதின?" என்றார். "முருகா முருகான்னா?"

"எட்டி நில்."

"எட்டி நில்லா?" யோசித்தார். "புலியை நேராவே அதட்டிட்டியா? அதுக்குத் தமிழ் தெரியாதே."

"புலிக்கு எழுதல."

"பின்ன?"

நான் கீரைக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். புரிய ஒரு ஸ்டேஷன் ஆனது. பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கீரைக்காரி விழித்துக்கொண்டு தன் கூடையைத்தான் பார்த்துச் சிரிக்கிறாரோ என்று இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு மண்டி போட்டுக் கும்பிட்டுச்சேடி!"

"மெதுவா. எல்லாரும் பாக்கறாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதை விடு. எனக்குத்தானே எழுதின? படிக்கத் தெரியாமலேயே எட்டித்தான்டி நின்னேன்."

நம்பினேனா? நம்பினேன். முழுசாக நம்புவது என் ஜாதகத்தில் கிடையாது. ஆனால் லூ தட்டைவிட அந்த ஈர ரயிலில் அவர் சிரித்தது பெரிய சாட்சியாக இருந்தது.

பொறாமை மட்டும் போகவில்லை. இடம் மாறிவிட்டது. இப்போது அவர் பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைப் பார்த்து வாயை அசைத்து அசைத்து எழுத்துக் கூட்டினார். ஒவ்வொரு எழுத்தும் அவள் கொடுத்தது. சாப்பிட உட்கார்ந்தால் உப்புப் பாக்கெட்டை எடுத்துப் படித்தார். என் வீட்டு உப்பில் அவள் வந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் பொறுத்தேன்.

"பர்மியில எத்தனை எழுத்து சொல்லிக் குடுத்தா?"

"முப்பத்து மூணு."

"தமிழ்ல இருநூத்து நாப்பத்தேழு. ஒக்காருங்க."

"இன்னிக்கேவா? எல்லாமா?"

"மழை நிக்கிறதுக்குள்ள."

மாட்டினேன் என்று கீழே டீக்கடைக்கு ஓடப் பார்த்தார். சாவியை நான் இடுப்பில் செருகிக்கொண்டேன். அவளை முந்துவதற்கு எனக்கு இருநூறுக்கும் மேல் இடமிருந்தது. அவள் சிரித்துச் சொல்லிக் கொடுத்திருப்பாள். நான் அதட்டித்தான் சொல்லிக் கொடுத்தேன். உயிரெழுத்து வரை வந்தோம். ஔவுக்கு அவர் கை வளையவே இல்லை. அதற்குள் மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்துவிட்டது, காட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அந்தப் பருவத்து முதல் ரோல்களைக் கழுவி வாங்கி வந்த அன்று, சயா என் மேஜையருகே வந்து நின்றார். சுவர்ப் படத்தில் ஒரு புது இடத்தில் செம்பு நிறப் பூனை விழுந்திருந்தது, அந்தச் சந்தோஷத்தில் இருந்தார். லூ தட்டையும் அன்றைக்குப் பார்த்து நம்பர் சரிபார்த்தார். மேலே கிடந்த படத்தில் என் வீட்டுக்காரர் சிலேட்டோடு நின்றார். தூரத்தில், மூங்கில் புதருக்கு அந்தப்பக்கம், அந்தப் பெண். அவள் தொப்பியில் என் எழுத்து பட்டை பட்டையாகத் தெரிந்தது. நல்ல தூரம்தான். நான் விரலால் அளந்து பார்த்துவிட்டேன்.

"அமா, இது என்ன?" சயா சிலேட்டின் கீழ் மூலையைக் காட்டினார். கேமரா நம்பருக்கும் தேதிக்கும் கீழே சின்னதாக ஒரு அ. அடுத்த படத்தில் ஆ. அதற்கடுத்ததில் இ, கொஞ்சம் குப்புற விழுந்த மாதிரி. "இந்தக் குறி நம்ம கணக்குல இல்லையே. எல்லாக் கேமராவுலயும் இருக்கு. என்ன இது?"

காட்டில், அத்தனை பேர் நடுவில், யாருக்கும் புரியாமல் எனக்கு மட்டும் வீட்டுப் பாடம் எழுதி அனுப்பியிருக்கிறார். இதை எப்படி விளக்குவது, விளக்கினால் அவருக்கு எழுத்துத் தெரியாதது வெளியே வந்துவிடுமே, வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமே என்று ஒரே நொடியில் ஆயிரம் ஓடியது. கடைசியில் உண்மையைத்தான் சொன்னேன்.

"சௌங் சயா," என்றேன்.

பள்ளிக்கூடம் என்றுதான் சொன்னேன். என் நாக்கு எப்போதும் போலத் தட்டையாகச் சொல்லிவிட்டது.

"பூனையா?" என்றார் அவர். "இந்தப் படத்துலயா?" அஞ்சு பூனை வளர்த்தவள் சொன்னால் தப்பாக இருக்காது என்று, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரரின் காலடியில் புல்லுப் புல்லாகத் தேட ஆரம்பித்தார்.